சிவப்புக் கரண்டி

அம்மா அடுத்த அறையில் தூங்கிவிட்டாள். சாயங்காலம் நான் கணக்கு டியூஷனில் இருந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இருந்தது புடாபெஸ்டின் ஏழாவது வட்டாரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அந்த வீட்டில் எனக்கு ஓர் அறை வேண்டும். இதுவரை எதற்கும் நான் இப்படி ஏங்கியதில்லை.

டோர்கா, பெனெடெக், ராஹேல் மூவரும் செப்டம்பரில் அதை வாடகைக்கு எடுத்தார்கள். எங்களைப் போன்ற யூதப் பிள்ளைகள், ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவு மெழுகுவத்தி ஏற்றி ஒன்றாகச் சாப்பிட ஓர் இடம். அவர்கள் பாடினால் முற்றம் முழுக்கக் கேட்கும். யாரும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவதில்லை.

நாலாவது அறை காலி. வேண்டுபவர்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வார்கள். பதினெட்டு ஆனவர்கள்தான் குடிவரலாம். எனக்கு அடுத்த மாதம், மார்ச்சில் ஆகிறது. இன்று மதியம்வரை தாளில் இரண்டு பெயர்கள். என் பெயர் இல்லை.

நான் யூதப் பெண் என்பதே பதினைந்து வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி குழாயை முழுசாகத் திறந்துவிட்டு. "தெரிஞ்சு வெச்சுக்கோ, போதும். வெளிய சொல்லாத. எந்த லிஸ்ட்லயும் உன் பேர எழுதாத." அவ்வளவுதான் சொன்னாள். போர்க்காலத்தில் லிஸ்டில் பெயர் இருந்த யூதர்களைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

யூதச் சமையலில் கறியும் பாலும் ஒன்றோடொன்று படக்கூடாது, பாத்திரம்கூடத் தனித்தனி. அந்த வீட்டுச் சமையலறையில் பாத்திரங்களுக்கு டேப் ஒட்டிய நாள் நானும் இருந்தேன்.

"சிவப்பு கறிக்கு, நீலம் பாலுக்கு. கலந்தா செத்தீங்க!" என்றான் பெனெடெக்.

"எங்க சித்தி கலந்துட்டா அந்தக் கத்திய பூந்தொட்டி மண்ணுல சொருகிடுவா, சுத்தமாயிடுமாம்," என்றாள் டோர்கா. "அவ வீட்டுத் தொட்டியில பூவவிடக் கத்திதான் ஜாஸ்தி."

"அதெல்லாம் சட்டமே இல்லடீ. ரப்பிகிட்டப் போய்க் கேக்கணும், மத குரு அவருதானே," என்றான் பெனெடெக்.

"வந்துட்டாரு பெரிய ரப்பி! போன வருஷம்வரைக்கும் நமக்கு ஆகாத பன்னி சலாமி தின்னவன்தானே நீ?"

இன்று வியாழன். டோர்காவும் ராஹேலும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அடுப்பில் நாளைக்கான கோழி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பெனெடெக் காய்ச்சலில் படுத்திருந்தான்.

"நோரி, எங்கம்மா மாதிரி பால்ல ரவை கிண்டித் தர்றியா? நான் பொழைக்க மாட்டேன்."

"முப்பத்தேழரை டிகிரில யாரும் சாக மாட்டாங்க," என்றேன். ஆனாலும் பாலை வைத்தேன். ரவையைக் கொட்டி, கைக்கு அகப்பட்ட கரண்டியால் கிண்டினேன். பாலின் மேல் தங்க நிறத்தில் ஒரு கொழுப்புத் துளி மிதந்தது. கரண்டியின் பிடியைப் பார்த்தேன். சிவப்பு.

"ஆச்சா?" உள்ளிருந்து குரல்.

"பால் தீய்ஞ்சுபோச்சு!" என்று பொய் சொன்னேன்.

இந்த வீட்டில் யாரும் என்னைத் திட்டமாட்டார்கள். அன்பாக உட்காரவைத்து, விருந்தாளிக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொல்லித்தருவார்கள். அதுதான் எனக்கு வேண்டாம். சின்ன வயதிலிருந்தே தெரிந்தவளாக இருந்தால் கை தானாகவே நீலத்துக்குப் போயிருக்காதா?

சட்டியிலிருந்ததை எல்லாம் கொட்டினேன். அந்தப் பால் சட்டியை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். கரண்டியை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்கு ஓடினேன். கம்பி ஓரமாக ஒரு பெரிய பூந்தொட்டி, பாதி காய்ந்த செடி. விரலால் மண்ணைத் தோண்டினேன். ஏதோ 'ணங்' என்றது.

ஒரு கத்தி, நீல டேப். அதன் கீழே ஒரு ஸ்பூன், சிவப்பு. இன்னும் ஆழத்தில் ஒரு முட்கரண்டி. அதன் நீல டேப்பில் பெனெடெக்கின் கிறுக்கல் கையெழுத்து: 'பால்! பால் மட்டும்!'

சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதுகூடச் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி மூடினேன். கரண்டிக்கு நீளம் அதிகம். பிடி நாலு விரல் வெளியே நின்றது.

அவர்கள் திரும்பி வந்ததும் டோர்கா கேட்டாள்: "சூப் கரண்டி எங்கடீ?"

நான் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன். ராஹேல் தாழ்வாரக் கதவைப் பார்த்தாள். பிறகு மண் அப்பிய என் நகங்களைப் பார்த்தாள்.

"கைய கழுவிட்டு வா," என்றாள். "நாளைக்கு வேற வாங்கிக்கலாம்."

"இந்த வீட்டுல ஒரு சாமான் தங்குதா பாரு!" என்று டோர்கா அலுத்துக்கொண்டாள். போர்வையோடு வந்து நின்ற பெனெடெக் கூரையைப் பார்த்தான்.

"அந்தப் பால் சட்டியும்..." என்று ஆரம்பித்தேன்.

"அது தொட்டிக்குள்ள போகாதே," என்றாள் ராஹேல். "அதுக்கு ரப்பிகிட்டதான் கேக்கணும். நீயும் வா, சேர்ந்தே போலாம்."

கை கழுவிவிட்டு நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனேன். மூன்றாவதாக, முழுப் பெயரையும் எழுதினேன்.

இப்போது தூக்கம் வரவில்லை. என் பெயர் ஒரு லிஸ்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லலாம். வா என்று சொல்லிவிட்டால் அம்மாவிடம் பேச வேண்டும். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று தெரியவில்லை.

அம்மா இருமுகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளையும் அங்கே கூட்டிப்போக வேண்டும் போலிருக்கிறது. பேச்சு மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தாவும், ஜன்னல் திறந்தே கிடக்கும். குழாயை யாரும் திறந்துவிட மாட்டார்கள்.