சங்கு ஊதும்வரை

சூடாமணி குளத்தின் கடைசிப் படியில் குந்தி, கையை எட்டின மட்டும் நீட்டித் தண்ணீரைத் தன் பக்கமாக வாரிக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டாத தூரத்தில் அது மிதந்தது. தென்னை ஈர்க்கில் அம்பு. பின்புறம் சிவப்பு நூல் சுற்றியது. காலையில் அவளேதான் சுற்றிக் கொடுத்தாள்.

தம்பியின் அம்பு.

தண்ணீர் அசைந்தது. அம்பு வந்தது. தம்பி வரவில்லை.

கோயில் குளமான பத்மதீர்த்தத்தின் பச்சைத் தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தாள். ஒரு மீன் வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போயிற்று. முதுகுக்குப் பின்னால், உற்சவத்துக்காகக் கிழக்கு நடையில் நிறுத்தியிருந்த பீமசேனன் பனைமர உயரத்தில் நின்று கண்ணை உருட்டினான். மற்ற நாளில் அந்தப் பொம்மையைப் பார்த்தால் குட்டன்தான் அழுவான். இன்று அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் அழுதால் யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

அன்று பங்குனி உற்சவத்தின் பள்ளிவேட்டை. சாமி வேட்டைக்குப் போகும் நாள். விளக்கு வைத்தபின் சாமியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வேட்டைக்களத்துக்குப் புறப்படும். கொட்டு கிடையாது, நாயனம் கிடையாது. வேட்டைக்குப் போகிறவன் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டானே, அதுபோல. தெருவில் குழந்தைகளின் கொலுசைக் கழற்றிவிடுவார்கள். பசுவின் கழுத்து மணிக்குள் துணி திணிப்பார்கள். களத்தில் வைத்திருக்கும் இளநீரில் ராஜாவின் அம்பு பாய்ந்து, சங்கு ஊதிய பிறகுதான் கோட்டைக்குள் இருக்கிற ஊருக்கு வாய் வரும்.

பெரியவர்களின் வேட்டை ராத்திரிதானே? பிள்ளைகளின் வேட்டை பகலிலேயே நடந்துவிட்டது. சூடாமணி ராஜா. சாலைக்கடைத் தெரு மிளகு வியாபாரியின் பையன் தாணுலிங்கம் சங்கு. பப்பாளி இலைத் தண்டை வாயில் வைத்தால் அசல் சங்கு தோற்றுப்போகும். ஆறு வயதுக் குட்டன் காட்டுப் பன்றி. பன்றி ஒளிந்துகொள்ள வேண்டும். சங்கு ஊதும்வரை மூச்சுக் காட்டக் கூடாது.

பன்றி ஒளிந்தது. அதன்பிறகு பன்றியைக் காணோம்.

அம்மா நாகலக்ஷ்மி நடுவில் ஒருமுறை குட்டன் எங்கே என்று கேட்டாள். தாணுவின் வீட்டில் விளையாடுகிறான் என்று சூடாமணி சொல்லிவிட்டாள். சாமி வேட்டையை விளையாட்டாக ஆடினால் முதுகுத்தோல் உரியும் என்று அப்பா முந்தின நாள்தான் எச்சரித்திருந்தார். ஒரு பொய். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வாய்விட்டுத் தம்பியைக் கூப்பிடக்கூட வழியில்லாமல் போயிற்று.

அம்பைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு சாலைக்கடைத் தெருவுக்கு ஓடினாள். தாணு கடை வாசலில் கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருந்தான். அம்பைக் கண்டதும் கடிப்பது நின்றது.

“இத நானாக்கும் எறிஞ்சேன். எவ்வளவு தூரம் போவுதுன்னு பாத்தேன்.”

“குட்டன் குளத்துப் பக்கம் வரல்லையா?”

“அவன் ஒங்க வீட்டுக்குள்ளதானே ஒளிஞ்சான்? நீ எண்ணீட்டு நிக்கும்ப உள்ள ஓடுனத நான் பாத்தேனே.”

சூடாமணிக்கு மூச்சு திரும்பி வந்தது. குளம் இல்லை. வீடுதான். ஆனால் அவள் கூடம், மச்சு, கொட்டில் எல்லாம் ஓசைப்படாமல் தேடியாயிற்று. கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தாயிற்று; அதில் அவள் முகம்தான் இருந்தது.

“நீ சங்கு ஊதினதும் ஏன் வரல்லே அவன்?”

தாணு மிட்டாயைப் பார்த்தான். ஊதவில்லை என்றான். எங்கம்மை சாப்பிட விளிச்சா, போயிட்டேன் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொன்னான்.

“சங்கு ஊதாம வெளிய வந்தாலோ, சத்தம் போட்டாலோ ஒங்க அப்பாவுக்குக் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போவும்னு சொன்னேன். சும்மாதான் சொன்னேன். அவன் நம்பீட்டான்.”

அவ்வளவுதான். இப்போது எல்லாம் விளங்கியது. விளங்கியதால் பயம் இரண்டு பங்காயிற்று. குட்டன் எங்கேயோ ஓரிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறான். காற்று இல்லாத இடமாக இருந்தாலும் கத்தமாட்டான். கதவு மாட்டிக்கொண்டாலும் தட்டமாட்டான். அப்பாவின் கண்ணுக்காகச் செத்தே போவான்.

அவனை வெளியே கொண்டுவர ஒன்றே ஒன்றுதான் வழி. சங்கு.

தாணு பப்பாளித் தண்டோடு அவள் பின்னால் ஓடிவந்தான். அவர்கள் தெருமுனையை அடையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். தெரு முழுக்க ஜனம், ஒரு சொல் இல்லை. நூறு பேர் நிற்கிற தெருவில் ஒரு பல்லி சொல்வது கேட்டது.

தாணு தண்டை வாய்க்குக் கொண்டுபோனான். பின்னாலிருந்து வந்த ஒரு கை அதைப் பிடித்தது.

அப்பா ஸ்ரீனிவாசன். வருஷம் முழுக்கச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. இந்த ஒரு ராத்திரி மட்டும் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து தெருவின் வாயை அடைக்கிறவர். போன வருஷம் எதிர்வீட்டு மாமா இருமினார் என்பதற்காக மூன்று மாதம் அவரோடு பேசாதவர். தண்டை வாங்கிச் சத்தமில்லாமல் கசக்கினார். தாணுவுக்கு ஒரு விரல்: வீட்டுக்குப் போ. சூடாமணிக்கு ஒரு விரல்: உள்ளே போ.

அவள் வாயைத் திறந்தாள். விரல் அவர் உதட்டுக்குப் போயிற்று. அந்தக் கண்களைப் பார்த்தாள். அவிந்து போகும் என்று தாணு சொன்ன கண்கள். ஒரு க்ஷணம் அவளும் அதை நம்பினாள்.

உள்ளே போனாள்.

முன்கட்டில் அகல் மட்டும் எரிந்தது. அம்மா கையில் ஆரத்தித் தட்டோடு வாசற்படியில் நின்றாள். ஜன்னலை ஒட்டிய பெரிய பத்தாயத்தின்மேல், நெல் கொட்டிவைக்கும் அந்த மரப்பெட்டியின்மேல், அப்பாவின் அக்கா அனந்தலக்ஷ்மி அத்தை உட்கார்ந்திருந்தாள். வருஷா வருஷம் மத்தியானமே வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வாள்; அதன்மேல் உட்கார்ந்தால் ஜனங்களின் தலைக்கு மேலாகச் சாமியைப் பார்க்கலாம். பெரிய சரீரம். உட்கார்ந்தால் பத்தாயமே முனகும். விளையாட்டு என்றாலே அவளுக்கு ஆகாது. தும்மின பிள்ளையின் தொடையில் கிள்ளுவாள்.

இன்று அத்தையின் மடியில் பொடி டப்பா இல்லை. தும்மிவிடுவோம் என்று பயந்திருப்பாள். அதற்குப் பதில் பக்கத்தில் உப்பேரித் தட்டு. அம்மா நிறைய வறுத்து வைத்த வாழைக்காய் உப்பேரியில் நாலைந்துதான் மிச்சம்.

சூடாமணி அம்மாவின் முந்தானையை இழுத்தாள். அம்மா திரும்பாமலே கையைத் தட்டிவிட்டாள். தெருவில் தலைகள் அசைந்தன. வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் அதைக் கண்டாள்.

பத்தாயத்தின் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில், அத்தையின் புடவைக் கரைக்குக் கீழே, ஒரு துண்டு வாழை நார் வெளியே தொங்கியது. வில்லின் நாண். குட்டனின் வில்.

நெல் தீர்ந்து பத்தாயம் காலியாகக் கிடப்பது அவளுக்குத் தெரியும். மத்தியானத்திலிருந்து. மூடி போட்டு. மூடிமேல் அத்தை.

பாய்ந்துபோய் அத்தையின் இடுப்பைப் பிடித்துத் தள்ளினாள். ஒரு கோயில் தூணைத் தள்ளுவதுபோல் இருந்தது. அத்தை ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். மாட்டேன் என்று. சூடாமணி பெட்டியைக் காட்டினாள், தன் கழுத்தைப் பிடித்துக் காட்டினாள், கண்ணைச் செருகிக் காட்டினாள். அத்தை இன்னும் பலமாகத் தலையாட்டி, தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே தீவட்டி வெளிச்சம் நகர்ந்தது. அதற்கு முன்னால் அப்பா. உள்ளே நடக்கிற மல்லுக்கட்டைப் பார்த்துவிட்டார். நின்றார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். பின்னால் சாமி. பூவாசனை ஜன்னல் வழியாக வந்தது.

கத்தினால் சாமியின் வேட்டை கெட்டது. அப்பாவுக்கு அவள் இனி மகளில்லை. கத்தாவிட்டால் குட்டன்.

அவள் வாய் திறப்பதைக் கண்டு அத்தையின் உள்ளங்கை வந்து பொத்திற்று. சூடாமணி அதைக் கடித்தாள். பல் பதியக் கடித்தாள். கை விலகியது.

“குட்டா!”

கோட்டைக்குள் அந்தக் குரல் இடித்துக்கொண்டு போயிற்று. தெரு திரும்பியது. சாமியைத் தூக்கியவர்கள் மட்டும் கால் தடுமாறாமல் நடந்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பத்தாயத்தின்மேல் காதை வைத்தாள். பெட்டிக்குள்ளிருந்து, ரகசியம் பேசுகிற கோபத்தோடு, ஒரு சின்னக் குரல் வந்தது.

“மிண்டாதே அக்கா. இன்னும் சங்கு ஊதல்லே.”

சூடாமணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஊர்வலம் தாண்டிப் போயிற்று. பிறகு தூரத்தில், களத்தில், அசல் சங்கு எழுந்தது; அதோடு கொட்டும் நாயனமும் சேர்ந்துகொண்டன. அத்தை பெருமூச்சு விட்டு எழுந்து தன் கையாலேயே மூடியைத் தூக்கினாள்.

காட்டுப் பன்றி கன்னம் வியர்த்து, வாயோரம் மஞ்சளாக உப்பேரித் தூள் ஒட்டி, வில்லோடு எழுந்து நின்றது. அம்மாவின் கையிலிருந்து தட்டு அப்போதுதான் விழுந்தது.

அப்பா ஊர்வலத்தை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. யார் கத்தியது என்று கேட்டார். அத்தனை தணிந்த குரலில் அவர் பேசி அவர்கள் கேட்டதில்லை.

சூடாமணி எழப் பார்த்தாள். அத்தையின் கை அவள் தலையை அமுக்கிற்று.

“நான்தாண்டா சீனு. எலி கடிச்சுடுத்து.”

கையை நீட்டிக் காட்டினாள். அப்பா அகலை எடுத்து வந்து அந்தப் பல் வரிசையை வெகுநேரம் பார்த்தார். பத்தாயத்துக்குள் நின்ற மகனைப் பார்த்தார். தரையில் கிடந்த மகளைப் பார்த்தார். அக்காவைத் திட்டி அவருக்குப் பழக்கமில்லை.

“முன்பல்லு ஒண்ணு விழுந்த எலியாக்கும்,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

சூடாமணி தன் ஓட்டைப் பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டாள். அத்தை ஏன் அப்போதே எழுந்திருக்கவில்லை, குட்டன் மூச்சுமுட்டிச் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டாள்.

அத்தை மூடியின் ஓரத்தில், வாழை நார் தொங்கிய இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு விரலை விட்டு எதையோ பிடுங்கி எடுத்தாள். நசுங்கிப் போன பொடி டப்பா. மூடி அடைபடாமல் மத்தியானம் முழுக்க அங்கே முட்டுக் கொடுத்திருந்தது.

“உட்காரப் போனேன். உள்ளேருந்து ஒரு கை வந்து பொடவையைப் பிடிச்சு இழுத்துது. ‘நான் பன்னி, சங்கு ஊதற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லப்படாது, சத்தியம் பண்ணு அத்தை’ன்னான். பண்ணிட்டேன்.” நசுங்கின டப்பாவைத் தட்டித் திறந்து ஒரு சிமிட்டா பொடி எடுத்துக்கொண்டாள். “நீ தேடறேன்னு தெரியாது. ஆட்டத்தைக் கெடுக்க வந்திருக்கேன்னு நெனச்சேன்.”