கயிற்றைப் பிடித்த கை

நாலாவது மாடி பால்கனியில் வீட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"அந்தப் பூதத்தை என் பால்கனியில வைக்க விடமாட்டேன். நான் துணி காயப்போடுறதா, அது மூச்சு விடுறதுக்கு இடம் கொடுக்குறதா?"

பூதம் என்று அவர் சொன்னது ஏ.சி.யின் வெளிப்பெட்டியை. குளிர் கொடுக்கிற பெட்டியை அறைச் சுவரில் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. வெக்கையைத் துப்புகிற பெட்டிதான் பாக்கி. அதைப் பால்கனிக்கு வெளியே, பக்கத்துச் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து உட்கார வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ஒன்றரை அடி அகலத்துக்கு நீண்டிருக்கும் சன்ஷேடு மேல் நின்றுதான் அந்த வேலையைச் செய்யமுடியும். கீழே பார்த்தால் நிறுத்தியிருந்த கார்கள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன.

மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்ற நாளாயிருந்தால் அந்த அம்மாவுக்குச் சுடச்சுட ஒரு பதில் கொடுத்து அவரையே சிரிக்க வைத்திருப்பான். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவன் கூட்டாளிதான் முந்திக்கொண்டான்.

"பூதம் வெளியிலயே தொங்கட்டும்மா. உங்க புடவை மேல அது மூச்சுக்கூடப் படாது. நானாச்சு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். இவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். வாட்ச்மேன் முதல் லிஃப்டில் பார்த்த குழந்தை வரை எல்லோருக்கும் இவனைப் பிடிக்கும். ஸ்பேனருக்கும் பிடித்திருந்தது. பிடித்துப்போய்த்தான் தங்கச்சியையே கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டான்.

அந்தத் தங்கச்சி முந்தாநாள் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு தோணிச்சு" என்றாள். தோணினால் வரட்டும், அண்ணன் வீடுதானே என்று அவனும் விட்டுவிட்டான். இன்று காலை டீ கிளாஸை நீட்டும்போது அவள் சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. முழங்கைக்கு மேல் நீலமாக ஒரு தடம்.

"என்ன அது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேண்ணா."

கதவுக்கு நாலு விரல் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் செருப்பைத் தேடினான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நாலாவது மாடி வேலைன்னு சொன்னீங்கல்ல? வெளிய நிக்கிற மனுஷன்கிட்ட போய் எதுவும் கேட்டுடாதீங்க. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. நான் போயிடுறேன்."

அடித்தவன் தவறி விழுந்துவிடக் கூடாது என்று அடிபட்டவள் கவலைப்பட்டாள். வண்டியில் வரும்போது முழு வழியும் மாப்பிள்ளைதான் பேசிக்கொண்டு வந்தான். ஸ்பேனர் 'உம்' போட்டான்.

போன வருஷம் ஒருநாள் அவள் போனில் சொன்னாள்: "அண்ணா, கோபம் வந்தா அவர் ஒரு மாதிரி ஆயிடுறாரு." அப்போது ஸ்பேனர் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் செப்புக் குழாயுமாக நின்றிருந்தான். "குடும்பம்னா முன்னப்பின்னதான் இருக்கும். கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றான். அவள் "சரிண்ணா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று அவனும் நிம்மதியாகத் தூங்கினான். இப்போது அந்தத் தூக்கத்தை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"என்ன மச்சான், கனவா? கட்டுங்க, போகலாம்" என்றான் மாப்பிள்ளை.

இடுப்பில் பெல்ட் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பெல்ட்டின் வளையம் முதுகுப்பக்கம் இருக்கும். அதில் கயிற்றை முடிந்து, மறுமுனையைத் தன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் காலை ஊன்றி உள்ளே ஒருவன் உட்கார வேண்டும். வெளியே போகிறவன் நகர நகரக் கயிற்றை விட வேண்டும், திரும்பி வரும்போது இழுத்துக்கொள்ள வேண்டும். ஆறு வருஷமாக இவர்கள் இரண்டு பேரும் மாறி மாறி இதைச் செய்கிறார்கள். முடிச்சுப் போட்டவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டியதும் மற்றவன் கால் எடுத்து வைத்துவிடுவான். முடிச்சை இழுத்துப் பார்க்கிற வழக்கம் இரண்டு பேரிடமும் இல்லை. இழுத்துப் பார்த்தால் அது அவமரியாதை.

இந்த ஆளை ஸ்பேனர் தங்கச்சிக்குப் பார்த்ததும் இந்தக் கயிற்றை வைத்துத்தான். வேறு யாரையும் விசாரிக்கவில்லை. இரண்டு வருஷம் இவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு மாடி மாடியாகத் தொங்கியிருக்கிறான். ஒருநாள்கூடக் கயிறு தேவைக்கு மேல் தளர்ந்ததில்லை, தேவைக்கு மேல் இறுகியதும் இல்லை. வீட்டில் மற்றவர்கள் தயங்கியபோது, "என் உயிரையே பிடிச்ச கை. அவளைப் பிடிக்காதா?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தான். கல்யாணம் வரைக்கும் 'வாடா போடா' என்றிருந்தவனை, தாலி ஏறிய மறுநாளிலிருந்து 'வாங்க மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

இப்போது வளையத்தில் கயிற்றைக் கோத்தான். விரல்கள் தாமாகவே முடிந்தன. முடிச்சைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். பிறகு இரண்டு தட்டுத் தட்டினான். மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காமல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே போனான்.

ட்ரில் மெஷின் சுவரில் இறங்கியது. சிமெண்டுத் தூசி பறந்தது. முதல் தாங்கியை அடித்து முடிக்கிற வரைக்கும் ஸ்பேனர் கயிற்றைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது தாங்கிக்குக் குறி போட்டுக்கொண்டே மாப்பிள்ளை பேச்சை ஆரம்பித்தான்.

"சாயங்காலம் வேலை முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்கே வந்துடுறேன் மச்சான். உங்க தங்கச்சிய ரெடியா இருக்கச் சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா, சின்னப் பிள்ளை மாதிரி. நீங்களும் செல்லம் கொடுத்து வச்சிருக்கீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஸ்பேனரின் காதுக்குள் 'கும்'மென்றது. கயிறு உள்ளங்கையில் கிடந்தது. ஒரு விரல் கனம்கூட இல்லாத கயிறு. மூடியிருக்கிற கையைத் திறந்தால் போதும், இடுப்பைச் சுற்றியிருப்பதைத் தளர்த்தினால் போதும் என்று நினைத்தான். நினைத்ததும் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அப்படி ஒரு நினைப்பு தனக்குள் வரும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

அந்த நேரத்தில்தான் சன்ஷேடு ஓரத்தில் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்தது. மாப்பிள்ளையின் இடது கால் வெறும் காற்றில் இறங்கியது. ட்ரில் மெஷின் கையை விட்டுப்போய் அதன் வயரில் தொங்கி ஆடியது. ஒரு முட்டி சன்ஷேடில் மோதியது. உடம்பு பக்கவாட்டில் சரிந்தது.

ஸ்பேனர் எதையும் யோசிக்கவில்லை. இரண்டு காலும் சுவரை மிதித்தன, முதுகு பின்னால் சாய்ந்தது, கை இறுகியது. கயிறு ஒரு சாண் ஓடி உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு நின்றது. "பிடிச்சாச்சு! வலது கையை மேல வை! தாங்கியப் பிடி!" என்று கத்தினான். அவன் தாங்கியைப் பிடித்தான். ஸ்பேனர் இழுத்தான். ஒரு நிமிஷத்தில் மாப்பிள்ளை பால்கனித் தரையில் வந்து விழுந்தான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் மூச்சுதான் வாங்கியது. பிறகு மாப்பிள்ளை எழுந்து வந்து ஸ்பேனரைக் கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் நிஜமான கண்ணீர் இருந்தது.

"நீங்க இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது மச்சான்."

அந்தக் கட்டிப்பிடிப்பில் ஸ்பேனர் மரக்கட்டை மாதிரி நின்றான். தோலுரிந்த உள்ளங்கை எரிந்தது.

தண்ணீர் குடித்தார்கள். பெயர்ந்த ஓரத்தை விட்டு நகர்ந்து நின்று இரண்டாவது தாங்கியையும் மாப்பிள்ளையே அடித்துவிட்டு வந்தான். பால்கனியில் நின்றபடியே இரண்டு பேரும் வெளிப்பெட்டியைத் தூக்கித் தாங்கி மேல் நகர்த்தி உட்கார வைத்தார்கள். இனி போல்ட்டை முறுக்கிச் செப்புக் குழாயை இணைக்க வேண்டும். குழாய் வேலையில் ஸ்பேனர் கைதான் சுத்தம். அதனால் எப்போதும் போல இப்போது அவன் முறை.

பெல்ட்டை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். மாப்பிள்ளை கயிற்றை முடிந்து இரண்டு தட்டுத் தட்டினான்.

ஸ்பேனர் கால் எடுத்து வைக்கவில்லை. பெல்ட்டைப் பிடித்து இடுப்பில் அப்படியே சுழற்றி வளையத்தை முன்பக்கம் கொண்டுவந்தான். முடிச்சைப் பார்த்தான். எந்தக் குறையும் இல்லாத நல்ல முடிச்சு. அதை நிதானமாக அவிழ்த்தான்.

"என்ன மச்சான் இது?"

"நானே கட்டிக்கிறேன்."

கட்டினான். மறுமுனையைக் கொண்டுபோய் பால்கனித் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி அங்கேயும் தானே முடிந்தான். தூணில் கட்டிய கயிற்றோடு வெளியே போவது சிரமம். அது ஆளுக்குத் தகுந்தபடி இளகிக் கொடுக்காது. இருந்தாலும் கட்டினான்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது உங்களை விட்டிருக்கேனா நான்?"

"விட்டதில்ல. அதைப் பாத்துதான் ஏமாந்தேன்" என்றான் ஸ்பேனர். "அவ கையைப் பாத்துட்டேன் இன்னிக்கு."

"அது... ஏதோ கோவத்துல..."

"சாயங்காலம் நீ வராதே."

நாலு வருஷப் பழக்கமான 'நீங்க' எங்கே போனது என்று ஸ்பேனருக்கே தெரியவில்லை.

"என் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறதுக்கு உங்ககிட்ட கேக்கணுமா?" மாப்பிள்ளையின் குரல் மாறியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு அடி முன்னால் வந்தான். தங்கச்சி தினம் பார்க்கிற முகம் இதுதான் போலிருக்கிறது என்று ஸ்பேனர் நினைத்தான். ஆறு வருஷத்தில் இந்த முகத்தை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அவகிட்ட கேக்கணும். வரேன்னு அவளா சொன்னா வரட்டும். அதுவரைக்கும் என் வீட்டுப் படி ஏறாதே."

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "என்னப்பா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லம்மா, வேலை விஷயம்" என்றான் மாப்பிள்ளை. ஒரு நொடியில் பழைய சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவும் சிரித்துவிட்டு உள்ளே போனார். அந்தக் கோபத்தைவிட இந்தச் சிரிப்பு ஸ்பேனரை அதிகம் பயமுறுத்தியது. இவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொள்ளத் தெரிந்தவன், கோபத்தை அடக்கத் தெரியாதவனாக இருக்க முடியாது.

அவன் வெளியே போனான். வேலையைப் பாதியில் விட முடியாது. பெட்டி இன்னும் போல்ட் முறுக்காமல் தாங்கி மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. கீழே ஜனங்கள் நடக்கிற பாதை. நாலு போல்ட்டையும் முறுக்கினான். குழாயின் வாயை விரித்து நட்டைத் திருகும்போது உரிந்த உள்ளங்கையில் கையிலிருந்த இரும்பு அழுந்தி வலியில் உயிர் போனது. பெட்டியின் மறுபக்கம் போக ஒரு எட்டு வைத்தான். தளர்ந்த கயிறு காலில் சிக்கும் என்று எதிர்பார்த்தான். சிக்கவில்லை; அது அளவாக இளகிக் கொடுத்தது.

திரும்பிப் பார்த்தான். மாப்பிள்ளை கைப்பிடிச் சுவரில் காலை ஊன்றி உட்கார்ந்து, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் தளர்ந்து கிடந்த கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் கை தேவைக்கு விட்டது, தேவைக்கு இழுத்தது. கொஞ்சமும் பிசகாத அதே கை. நாலாவது மாடியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்த ஸ்பேனருக்கு அழுகை வந்தது. மோசமாகப் பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நட்டையும் இறுக்கினான். சோப்பு நுரை தடவி, கசிவு இல்லையா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

சுவிட்சைப் போட்டதும் பூதம் மூச்சு விட ஆரம்பித்தது. வீட்டுக்காரம்மா அறைக்குள் நின்று "ஆகா" என்றார். மாப்பிள்ளை தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. ஸ்பேனர் ஒற்றை ஆளாகக் கயிற்றைச் சுருட்டினான். ஒரு இடத்தில் அவனுடைய தோல் ஒட்டியிருந்தது.

கீழே வண்டியருகே நின்று தங்கச்சிக்குப் போன் போட்டான். மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் பத்திரமா இறங்கிட்டீங்களாண்ணா?"

"இறங்கிட்டோம்."

"அவர் ஆறு மணிக்கு வரேன்னாரு. பையெல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

"அவன் வரமாட்டான். வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். மீறி வந்தா வாசல்ல நான் நிப்பேன். நீ போகணும்னு இல்லம்மா. உனக்கா தோணுற வரைக்கும் எங்கயும் போகணும்னு இல்ல."

அழுகிறாளோ என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டான். அழவில்லை. கோபம்கூட இல்லாத குரலில் அவள் சொன்னாள்:

"இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமேண்ணா."

ஸ்பேனர் "ஆமாம்மா" என்றான்.