தேடினால் வந்து நிற்கும் மாமனார்

நகர நூலகத்துக் கணினியில் யாராவது ‘தலைக்கனம்’ என்று தட்டித் தேடினால், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் தேடியவர் முன்னால் வந்து நிற்பார். செருப்பு மாட்டக்கூட அவகாசம் கிடைக்காது. ஒருமுறை முகத்தில் சவர நுரையோடு நின்றார். தேடிய மாணவி குறிப்பெடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பினாள்.

நூலகத்தில் அவருடைய மருமகள் பார்த்த வேலைதான் இதற்குக் காரணம். கடிதம், படம், ஒலிநாடா என்று ஒவ்வொரு வகைக் கோப்பிலிருந்தும் தேடலுக்கான சொற்களைப் பிரித்தெடுக்க அவள் தனித்தனி நிரல் எழுதியிருந்தாள். கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து, எந்த நிரலிடம் கொடுப்பது என்று கணினி முடிவு செய்யும். அப்படிக் கடைசி எழுத்துகள் இல்லாமல் ஏதாவது வந்தால் எல்லா நிரல்களும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது அவள் வைத்த விதி. தன் தகப்பனார் படம் ஸ்கேனரில் குப்புறக் கிடப்பதைப் பொறுக்காத மாமனார் அந்தக் கண்ணாடிமேல் குனிந்தார். அவர் பெயருக்குக் கடைசி எழுத்துகள் ஏது? எல்லா நிரல்களும் அவரைப் படித்து முடித்தன. விஷயம் பரவியதும் ஊரே வந்து குனிந்துவிட்டுப் போனது.

யாரிடமும் ஒரு பழிச்சொல் கேட்டறியாத குடும்பம் அது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“‘கௌரவம்’னு தேடும்மா. நான்தான் வரணும்.”

தேடினாள். தையற்காரர் வாயில் ஊசியோடு வந்து நின்றார்.

“நான் எத்தனையாவது?”

“ஏழாவது பக்கம், மாமா. உங்களுக்கு முன்னாடி ஒரு மரப்படிக்கட்டோட படம்கூட இருக்கு.”

“மாத்தி வை.”

“நான் என்ன பண்றது? உள்ள இருக்கிறதைத்தானே அது எடுக்கும்.”

“அப்ப என்னை எடுத்துடு. மானம் போகுது.”

எடுத்துவிட்டாள். மழைக்காலம் முழுக்க யாரும் அவரை வரவழைக்கவில்லை. பிறகொரு நாள் கடைவீதியில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. ‘தலைக்கனம்’ என்று தேடினால் இப்போது எதிர்வீட்டு வரி ஆய்வாளர் வருகிறாராம், அதுவும் கோட்டு போட்டுக்கொண்டு.

நேராக நூலகத்துக்குப் போனவர் யாரிடமும் கேட்காமல் கண்ணாடிமேல் குனிந்தார்.

“மாமா, அந்தச் சொல்லுக்குத்தான் திரும்பவும் வருவீங்க.”

“எந்தச் சொல்லா இருந்தா என்ன? முதல் இடம் நம்ம வீட்டை விட்டுப் போகக் கூடாது.”

அன்றிலிருந்து அவர் விடியும் முன்பே சவரம் செய்து, தேய்த்த சட்டையோடும் செருப்போடும் தயாராக இருக்கிறார். ஆய்வாளர் இரண்டாவது. சாப்பாட்டின் நடுவே மாமனார் மறைந்துபோனால், மருமகள் தட்டை மூடி வைக்கிறாள்.