ஊசிக்கு விலக்குக் கேட்ட தவநாயகி

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. சுவர் வழியாகக் கேட்டேன். மனோர் பார்க்கில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. பக்கத்து வீட்டில் தவநாயகி தும்மினால் என் வீட்டில் நான் மூக்கைத் துடைக்க வேண்டும். ஆகவே ஒட்டுக்கேட்டவள் என்ற பட்டம் எனக்கு வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1994 நவம்பர். லண்டன் வானம் சாம்பல் நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு—

வெட்டிவிட்டேன். வானத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: தவநாயகி ஒரு மூடநம்பிக்கைக்காரி.

இதையும் வெட்டினேன். ஊரில் விலங்கியல் படிப்பித்தவள் அவள். கிருமி எப்படிப் பெருகும் என்பதை எனக்கே வாழைப்பழம் வெட்டிக்கொண்டு விளங்கப்படுத்தியவள்.

மூன்றாவது: பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சரி, இதுவே இருக்கட்டும்.

2

சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, பரவப் போகிறதாம். நாடு முழுக்கப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. கீழே பெற்றோர் ஒப்பமிட ஒரு துண்டு.

தவநாயகியின் ஒரே மகள் தர்சிகாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதாகியும் காது குத்தாத யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. காரணம் அறிய ஐந்து வருடம் தேநீர் ஊற்றினேன். கடிதம் வந்த அன்றுதான் தவநாயகி வாய் திறந்தாள்.

ஒன்றரை வயதில் தர்சிகாவுக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். கையில் நரம்பு அகப்படாமல் நெற்றியோரத்தில் ஊசி ஏற்றினார்கள். அந்தக் கட்டிலடியில் நின்று தவநாயகி ஊர் அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள்: "அம்மாளாச்சி, பிள்ளையைத் தா. உன்ரை வாசலிலை கொண்டுவந்து பொங்கிப் படைக்கும்வரைக்கும் இவளின்ரை உடம்பிலை இனி ஒரு ஊசி படவிடமாட்டன்."

பிள்ளை பிழைத்தது.

"பொங்கி முடிச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எப்பிடியக்கா? சண்டை. ஊருக்குப் போற பாதை பூட்டிக்கிடக்கு. பொங்கப் போறன் எண்டால் ஆமிக்காரன் விறகு எடுத்துத் தருவானோ?"

(இந்த இடத்தில்தான் நான் வாயை வைத்தேன். மன்னிக்கவும்.)

"ரொறன்ரோவிலை என்ரை மச்சாள் சொன்னவ, பள்ளிக்கூடத்துக்கு ஊசி கட்டாயமாம். சமயக் காரணம் எண்டு சத்தியக் கடதாசி குடுத்தால் விடுவாங்களாம். நீரும் ஒண்டு குடும்."

* கனடாச் சட்டம் லண்டனில் செல்லுமா என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு வெளிநாடு எல்லாம் ஒரே நாடு. மச்சாள் இருக்கும் இடத்துச் சட்டமே சட்டம்.

தவநாயகியின் கணவன் கணேசலிங்கம், "நீர்தானே நேர்த்தி வைச்சனீர், நீரே பாரும்" என்று சொல்லிவிட்டுப் பெற்றோல் ஷெட் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

3

கடிதம் எழுத எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார்: பத்ரிநாராயணன். சென்னையில் தலைமை எழுத்தராக இருந்து, ஓய்வுபெற்று, மகனோடு வந்து சேர்ந்தவர். எழுத எதுவும் கிடைக்காமல் வாடிப் போயிருந்தார்.

"நேர்த்திக்கடன்னு எழுதினா வெள்ளைக்காரனுக்குப் புரியாதும்மா. இந்து மதம் ஊசியைத் தடைசெய்கிறதுன்னு போட்டுடறேன்."

"அப்பிடி எங்கை ஐயா சொல்லியிருக்கு?"

"சொல்லலைன்னு அவன் என்ன தேவாரம் படிச்சா கண்டுபிடிக்கப் போறான்?"

மூன்று பக்கம் எழுதினார். தவநாயகிக்கு அந்த ஒரு வரி உறுத்தியது. வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயரிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

"பிள்ளை, நானே ஊசி போட்டுக்கொண்டுதான் பிளேன் ஏறினனான். சமயம் ஒண்டும் தடுக்கேல்லை."

"அப்ப என்ரை நேர்த்தி?"

"அது நீர் அம்மாளுக்குச் சொன்னது. இடையிலை நான் ஆர்?"

[இங்கே ஒரு பந்தி இருந்தது. ஒரு கூட்டத்துக்கே பொதுவாக எழுதிவைத்ததுதான் சமயமா, ஒருத்தி கட்டிலடியில் நின்று தனியே சொன்னதும் சமயமா. இரண்டாவதை எந்த அலுவலகம் எந்தக் கோப்பில் போடும் என்று நீட்டி எழுதியிருந்தேன். வாசித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. கேள்வியை மட்டும் விட்டுவைக்கிறேன்.]

இன்னொரு சந்தேகமும் உண்டு. இவள் அம்மனுக்குப் பயந்தாளா, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பயந்தாளா? கதை எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது.

4

பள்ளித் தாதி பியற்றிஸ், பெரிய உடம்பும் மெல்லிய குரலும். துணைக்கு நானும் போனேன். (மொழிபெயர்க்க என்றுதான் சொன்னேன். தவநாயகியின் ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது.)

பியற்றிஸ் முதல் பக்கத்தின் பாதியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஊசி வேண்டாமென்றால் 'சம்மதமில்லை' பெட்டியில் ஒரு கோடு போடுங்கள். காரணம் தேவையில்லை."

"யாரும் மறுக்கமாட்டார்களா?" என்று கேட்டாள் தவநாயகி.

"மறுப்பதற்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் பிள்ளை." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கேட்டதால் சொல்கிறேன். சின்னமுத்து கடுமையாக வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். அங்கே ஒரு ஊசியோடு விடமாட்டார்கள்."

தவநாயகியின் முகத்தைப் பார்த்தேன். சண்டைக்கு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனவளுக்கு, எதிரே ஆளில்லை. பள்ளிக்கூடம் மறுத்திருந்தால், "அவங்கள் விடேல்லை தாயே" என்று அம்மனிடம் கையை விரித்திருக்கலாம். இப்போது பழியைப் போட ஒரு வெள்ளைக்காரனும் கிடைக்கவில்லை.

அன்று மாலை சுவர் வழியாகத் தர்சிகாவின் குரல், பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக:

"ஊசி போட்டா அம்மன் கோவிக்கிறது உங்களோடயா, என்னோடயா?"

"என்னோடைதான்."

"அப்ப எனக்கு ஓகே."

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள். ஒன்று: சம்மதம் என்று கோடு போட்டுவிட்டுத் தவநாயகி நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறாள். இரண்டு: சம்மதமில்லை என்று போட்டுவிட்டு, தர்சிகா தும்மும்போதெல்லாம் உடம்பில் பொட்டுத் தேடுகிறாள். மூன்று: அதே வாரம் ஊருக்குப் பாதை திறந்து— இதை எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில் என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு பேனை தாங்கோ."

கொடுத்தேன். வாசல் சுவரில் கடதாசியை வைத்து, பரீட்சை மண்டபத்துப் பிள்ளையைப்போல் இடக்கையால் மறைத்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன், கையை இன்னும் கிட்ட இழுத்தாள். பேனை ஒருமுறை அசைந்தது. மடித்து மகளின் பையில் வைத்து அனுப்பிவிட்டு, பிள்ளை தெருமுனையில் திரும்பும்வரை நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. அம்மனோடுதான் பேசினாள். மன்னிப்புக் கேட்டாளோ, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றாளோ, அவ்வளவு பக்கத்தில் நின்றும் எனக்குக் கேட்கவில்லை.

உங்களுக்கு என்ன கேட்டது?