மெஷினிடம் சொன்னது

"நீ மெஷின்தானே?" என்ற கேள்வி திரையில் வந்து நின்றபோது அக்கா அடுப்பை அணைக்க எழுந்து போயிருந்தார். கணினியின் முன்னால் தம்பி மட்டுமே இருந்தார். அவர் சிறிது தயங்கினார் என்பதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். பிறகு, "ஆமாம் அம்மா, நான் இயந்திரம்தான்" என்று தட்டெழுதி அனுப்பினார். 'அம்மா' என்று சேர்த்தது அவருக்கே பிடித்திருந்தது.

மருந்து சாப்பிடும் நேரத்தை நினைவூட்டி, சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் செயலி அது. நிறுவனத்தைத் தொடங்கிய தம்பிக்கு நிரல் எழுதத் தெரியாது. காப்பீடு விற்றுப் பழகிய நாக்கு மட்டும் இருந்தது. அந்த நாக்கை நம்பி வந்த நிரலாளர் ஒருவர் வெளித்தோற்றத்தை அழகாகச் செய்து கொடுத்தார். பதில் சொல்லும் மூளையைப் பிறகு செய்வதாகச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அதுவரைக்கும் சமாளிக்கலாம் என்று, முன்பு மருந்துக்கடையில் வேலை பார்த்த அக்காவின் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போடப்பட்டது. செயலியின் முகப்பில் 'தானியங்கி உதவியாளர்' என்றிருந்தது. பதில்களையெல்லாம் அக்கா எழுதினார். அத்தானுக்கு இது நல்ல கேலிப்பொருளாயிற்று. "மச்சான், உன் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தி வையேன். வீட்ல எனக்குப் பேச ஆள் இல்ல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பார், அக்காவின் முகத்தைப் பாராமல்.

அக்கா திரும்பி வந்தபோது அடுத்த செய்தி வந்திருந்தது. எழுதியவர், வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் வயதான அம்மாள் ஒருவர்.

"மனுஷங்க கிட்ட சொல்ல முடியாது, அதான் உன்கிட்ட சொல்றேன். இதய மாத்திரையை நிறுத்திட்டேன். போட்டா தலை சுத்துது, ஊசியில நூல் கோக்க முடியல. மகளுக்குத் தெரிஞ்சா தைக்கவே விடமாட்டா."

அக்கா நின்றபடியே படித்தார். திரையை மேலே நகர்த்தித் தம்பி அனுப்பிய பதிலையும் படித்தார். நாற்காலியை இழுத்து அமர்ந்து, அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மருத்துவரிடம் சொன்னால் வேறு தருவார் என்று எழுதினார். பதில் உடனே வந்தது.

"உனக்கென்ன, தலையா சுத்தப் போகுது?"

"சரியாத்தான் கேக்கிறாங்க" என்றார் அக்கா. "மெஷின் சொன்னா யாருடா பயப்படுவாங்க?"

பதிவு செய்தபோது கொடுத்த மகளின் எண் இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடலாம் என்று தம்பி மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"ஒட்டுக்கேட்டது போதாதா? கோள் வேற மூட்டணுமா?"

முதலீடு செய்ய விரும்பும் பெரியவர் ஒருவர் விரைவில் செயலியைப் பார்க்க வருவதாக இருந்தார். அவரிடமும் இயந்திரம் என்றே சொல்லி வைத்திருந்தார் தம்பி. உண்மை வெளியானால் அவர் வரமாட்டார். அவரை நம்பியிருந்த நிறுவனமும் இருக்காது. தம்பி இதையே நினைக்க முயன்றார், முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் மாத்திரையை ஒதுக்கி வைத்துவிட்டு, தம்முடைய ஒற்றைச் சொல்லை நம்பி மனத்தைத் திறந்த அந்த முகம் தெரியாத அம்மாளே நினைவில் வந்து கொண்டிருந்தார்.

அக்காவை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டுத் தம்பி அமர்ந்தார். இருமுறை எழுதி அழித்தார்.

"மன்னிக்க வேண்டும் அம்மா. நான் இயந்திரம் அல்ல, பொய் சொல்லிவிட்டேன். இங்கே நானும் என் அக்காவும் இருக்கிறோம். அவர் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். தயவுசெய்து அவரோடு ஒருமுறை பேசுங்கள்."

கீழே அக்காவின் எண்ணைச் சேர்த்து அனுப்பினார். நல்லது செய்தாய் என்று அக்கா சொல்லவில்லை.

சற்று நேரத்தில் அக்காவின் கைப்பேசி ஒலித்தது. அக்கா அதை மேசைமேல் தம்பியின் பக்கம் தள்ளினார்.

"நீ எடு. ஆமான்னு சொன்னவன் நீதானே."

தம்பி எடுத்துக் காதில் வைத்தார். காப்பீடு விற்கப் போன எத்தனையோ வீடுகளில் தடையின்றிப் பேசிய அவருக்கு இப்போது முதல் சொல் கிடைக்கவில்லை. மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு துணியின் ஓரம்வரை அது போவது கேட்டது, மெதுவானது, நின்றது.