லிஃப்டுக்கு இரண்டு நிமிடம்

லஸ்ஸாத் என் வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணாடித்தாள் சுற்றி, மேலே தொலைக்காட்சியின் சின்னம் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கேட்பாரற்றுக் கிடக்கும் ரகம். நான் என்னுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்கு அளவெடுத்துச் செய்தது. ஒரு விரலால் தள்ளினாலும் ஓடும்.

"தங்கச்சி, இது உனக்கு!"

"எனக்குத்தான் ஒண்ணு இருக்கே."

"அதான் பிரச்சினையே. நீ கொஞ்சம் சோபாவுக்கு மாறிக்கோ. உன்னோடதை உள் ரூம்ல ஒளிச்சு வெச்சுடலாம். அப்பதான் நாங்க குடுக்கிறது குடுத்த மாதிரி இருக்கும்."

ரமலான் மாதத்தில் நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம், நாடே தொலைக்காட்சியில் லஸ்ஸாத்தைப் பார்த்து அழும். பசித்த வயிற்றுக்குக் கண்ணீர் சீக்கிரம் வரும் என்று அவர் கண்டுபிடித்து ஒன்பது வருடமாகிறது. ஊர் ஊராகப் போய் நேரலையில் அழவைப்பார். இந்த முறை எங்கள் ஊரான ஸ்ஃபாக்ஸ்.

நான் சம்மதித்ததற்குக் காரணம் ஒரு லிஃப்ட். நான் வக்கீல். பெயர் ஹாஜர் கம்மூன். நீதிமன்றத்தின் லிஃப்ட் ஏழு மாதமாகச் செத்துக் கிடந்தது. தொழிலாளர் வழக்கெல்லாம் இரண்டாம் மாடியில். ஆலிவ் எண்ணெய் ஆலையில் கையை நசுக்கிக்கொண்டு வேலையும் போன மப்ரூக்காவின் வழக்கு, நான் மேலே போக முடியாமல் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. அடுத்த வியாழன் வக்கீல் வராவிட்டால் வழக்கையே தள்ளுபடி செய்வதாக நீதிபதி சொல்லிவிட்டார்.

நிர்வாக அதிகாரியிடம் போனால், "நாலு பசங்க தூக்கிட்டுப் போறாங்க, அதுல என்னம்மா கஷ்டம்?" என்றார். ஒரு முறை அப்படித்தான் போனேன். கறுப்பு அங்கியோடு உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி நான் மேலே போய்ச் சேர்ந்தபோது, எதிர்த்தரப்பு வக்கீல் படி உச்சியில் நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு அவர் வாதத்தை யார் மறுப்பது?

அதனால் லஸ்ஸாத்திடம் பேரம் பேசினேன். "நான் என் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன். உங்க நாற்காலி பக்கத்துல நிக்கட்டும். கடைசி ரெண்டு நிமிஷம் எனக்கு வேணும். லிஃப்டைப் பத்திப் பேசணும்."

"லிஃப்டா?" நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் அவர் முகத்தைச் சுளித்தார். "சரி தங்கச்சி. கடைசி ரெண்டு நிமிஷம் உனக்கு. என் தலைமேல சத்தியம்."

நேரலை தொடங்கியது.

"வாழ்க்கை முடிஞ்சு போகலைன்னு உனக்கு முதன்முதல்ல எப்ப தோணுச்சு?"

"முடிஞ்சதா யாரும் என்கிட்ட சொல்லலையே."

"இந்தச் சிரிப்பைப் பாருங்க!" என்று கேமராவிடம் திரும்பினார். நான் சிரிக்கவில்லை. "காலையில தானாவே எழுந்துக்கிறியா?"

"அலாரம் வெச்சு."

"சுப்ஹானல்லாஹ்!" கைக்குட்டை வெளியே வந்தது. என் அம்மாவை இழுத்து வந்து, மகளை நினைத்து எத்தனை இரவு அழுதீர்கள் என்று கேட்டார். "அவ கல்யாணம் வேண்டாம்னப்ப ஒரு தடவை," என்றார் அம்மா. பிறகு லஸ்ஸாத் தன் சொந்தக் குழந்தைப் பருவத்தையும் தாத்தாவையும் பற்றிப் பேசத் தொடங்கினார். மணியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். நோன்பு திறக்கும் பாங்கு வந்தால் நிகழ்ச்சி தானே அறுந்துவிடும். என் இரண்டு நிமிடத்தையும் அவர் தாத்தாவே தின்று முடிப்பார்.

ஆனால் அவர் பார்த்தது தலைநகரான துனிஸின் பாங்கு நேரம். தொலைக்காட்சியும் துனிஸ் பாங்கைத்தான் ஒலிபரப்பும். எங்கள் ஊரில் சூரியன் துனிஸைவிட இரண்டு நிமிடம் முன்னால் இறங்கிவிடும். வந்திருந்த கேமராக்காரரும் விளக்குக்காரரும் ஸ்ஃபாக்ஸ்காரர்கள். தெருமுனைப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்ததுதான் தாமதம், இருவரும் அப்படியே விட்டுவிட்டுப் பேரீச்சம்பழத் தட்டுக்குப் போனார்கள்.

லஸ்ஸாத்துக்கு ஒரு நொடி குழப்பம். அம்மா ஷோர்பா சூப் கிண்ணத்தை நீட்டி, "குடி மவனே, ஒன்பது வருஷமா அழுது அழுது வறண்டு போயிருப்ப," என்றார். காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் போனார்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது நேராக என் முகத்தைப் பார்த்தது.

பேசினேன். லிஃப்ட் நின்ற தேதி, பழுதுபார்க்கும் கோப்பு யார் மேசையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது, மப்ரூக்காவின் வழக்கு, வியாழக்கிழமை. ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. இரண்டு நிமிடத்தில் இதைவிட ஒழுங்காக எந்த நீதிபதியிடமும் வாதிட்டதில்லை.

சாப்பிட்டு முடிப்பதற்குள் என் அத்தை போன் செய்தாள். "என் கண்ணே! கடைசில நீ பேசினது நெஞ்சைப் பிழிஞ்சிருச்சுடி."

"லிஃப்டைப் பத்திச் சொன்னதா அத்தை?"

"என்ன லிஃப்ட்? புல்லாங்குழல்தானே வந்துச்சு."

துனிஸ் ஸ்டூடியோவில் இருந்தவர்கள், லஸ்ஸாத்தின் குரலைக் காணோம் என்றதும் என் குரலை அணைத்துப் புல்லாங்குழலைப் போட்டுவிட்டார்கள். என் உதடு அசைய அசைய, கீழே 'அவள் கண்கள் பேசுகின்றன' என்று எழுத்து ஓடியதாம்.

போனைத் தூக்கி எறியலாம் என்று பார்த்தேன். அது என்னுடைய போன் என்பதால் எறியவில்லை.

மறுநாள் காலை முன்திர் என்பவரிடமிருந்து செய்தி வந்தது. காது கேளாதவர், காது கேளாதவர்களுக்காக இணையத்தில் ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறார். 'நேற்று உங்கள் உதட்டைப் படித்தேன். கேமரா நல்ல நெருக்கம், நன்றி. இரண்டு விஷயம் சரிபார்க்கணும். லிஃப்ட் நின்றது ஏழு மாதத்துக்கு முன்பா, ஒன்பதா? கோப்பு இருப்பது நிர்வாக அதிகாரி மேசையிலா, அவருக்கு மேலே இருப்பவர் மேசையிலா?'

இந்த ஏழு மாதத்தில் என்னிடம் ஒரு உண்மையைச் சரிபார்த்த ஒரே ஆள். என் மன உறுதியைப் பற்றி அவருக்குச் சந்தேகமே எழவில்லை.

மதியத்துக்குள் முன்திரின் பக்கத்தில் செய்தி வந்தது. பாட்டில்லை. 'வழக்கறிஞர் ஹாஜர் கம்மூன் கூறுகிறார்: நீதிமன்ற லிஃப்ட் ஏழு மாதமாக ஓடவில்லை.' கீழே அதிகாரியின் பெயர், மேசை, அவருடைய மறுப்பு. முன்திர் எல்லாப் படிகளையும் எண்ணியும் போட்டிருந்தார்: நாற்பத்து நான்கு.

அம்மா இரண்டு முறை படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உன்னைப் பத்தி ஒண்ணுமே நல்லதா எழுதலையேடி."

"அதுக்குத்தாம்மா அவருக்குக் கும்பிடு போடணும்."

அந்தச் செய்தியை ஊரே பகிர்ந்தது. புதன்கிழமை மெக்கானிக் வந்துவிட்டார்.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு நீதிமன்றம் போனேன். லிஃப்ட் வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் கத்திரிக்கோல் தட்டோடு நிர்வாக அதிகாரி, மைக்கோடு லஸ்ஸாத்.

"தங்கச்சி, சரியான நேரம்! ஆளுநர் பத்து மணிக்கு வர்றார். நீ இப்படி நடுவுல வந்து நில்லு."

"நிக்கவா?"

"உட்காரு, உட்காரு! எப்படியோ. கொஞ்சம் கண் கலங்கினா நல்லாருக்கும்."

"எனக்கு ஒன்பதுக்கு வழக்கு."

"ஒரு மணி நேரம்தானே? நீதிபதிகிட்ட நான் சொல்றேன்."

மப்ரூக்கா சுவரோரம் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம், "எழுந்து வா," என்றேன். இருவருமாக ரிப்பனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். அது பட்டென்று அறுந்து என் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அதிகாரி ஏதோ கத்தினார், கதவு மூடிக்கொண்டது.

மேலே எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பார்த்ததும், தனக்கு உடம்பு சரியில்லை, வழக்கைத் தள்ளி வைக்க வேண்டும் என்று எழுந்தார்.

நீதிபதி என் சக்கரத்தையும் அதில் தொங்கிய ரிப்பனையும் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"உட்காருங்க," என்றார். "வக்கீலம்மா, ஆரம்பிங்க."