காப்புக் கட்டிய நான்காம் நாள்

காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் ஒரு கிளாஸ் கசிப்புச் சாராயம் உள்ளே போனால்தான் நல்லமுத்துவுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கையில் நிற்கும். அந்த ஒரு கிளாசைக் குடி என்று அவன் ஒப்புக்கொள்வதே இல்லை. அது நடுக்கத்துக்கு மருந்தாம். சாயங்காலம் குடிப்பது அலுப்புக்கு. பதினாறு வருஷம் இந்த மருந்தோடு குடித்தனம் நடத்திய சண்முகவடிவு, அவன் கண் மஞ்சளித்துக் கால் வீங்கியதும் மல்லுக்கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே யாழ்ப்பாணத்து டாக்டரம்மா அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"ஈரல் பழுதாப் போச்சுது. குடியை விடத்தான் வேணும். ஆனா வீட்டிலை வைச்சுச் சட்டெண்டு நிப்பாட்டிப் போடாதேங்கோ. இவ்வளவு காலம் குடிச்ச உடம்பு தாங்காது. நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வந்து உயிரும் போகலாம். திங்கட்கிழமை கட்டில் ஒண்டு இருக்கு. கூட்டிக்கொண்டு வாங்கோ, மருந்து குடுத்து நிப்பாட்டுவம்."

அக்கரப்பத்தனை பஸ்ஸில் வரும்போதே சண்முகவடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விடு விடு என்று தொண்டை வற்றக் கத்தியவளிடம், உடனே விடவைக்காதே என்று புத்தி சொல்ல ஒரு டாக்டரா?

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை கறி மீன் கிடையாது, குடி கிடையாது, தோட்டத்து எல்லையைத் தாண்டவும் கூடாது. ஆஸ்பத்திரி நாள்கணக்கில் மருந்து கொடுத்துச் செய்வதை அம்மன் ஒரே கயிற்றில் செய்துவிடுவாள் என்று அவள் நம்பினாள். அவனைக் குளிக்கவைத்துக் கொண்டுபோய் நிறுத்தினாள். அவனும் மறுக்கவில்லை. வீங்கிய காலைப் பார்த்து அவனுக்கே பயம் வந்திருந்தது.

திங்கட்கிழமை டவுனில் அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தது. இங்கே பகல் பூசையில் தப்பு அடிக்கத் தொடங்கியதும் நல்லமுத்துவின் உடம்பு உதறியது. வேர்த்துக் கொட்டியது. கோயில் கூரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"செவப்பா வர்றா. அந்தா நிக்கிறா. கிட்ட வராத, வராத."

"ஆத்தா எறங்கிட்டா" என்றார் தோட்டத் தலைவர் பழனியாண்டி.

அவ்வளவுதான். நேற்றுவரை அவனைக் கண்டால் மூக்கைப் பொத்தியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவன் கையால் திருநீறு வாங்க வரிசையில் நின்றார்கள். அந்த மலைக் குளிரில் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவன் தலையில் ஊற்றினார்கள்.

டாக்டரம்மா சொன்னது ஒன்றுவிடாமல் சண்முகவடிவுக்கு நினைவு வந்தது. வராமல் இல்லை. ஆனால் குழாயடியில் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இந்திராதேவி, இன்று அவள் தோளைத் தொட்டு, "ஒங்க புருசன் மேலதான் வந்திருக்கா அக்கா, கும்புட்டுக்கங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. அவளும் காலில் விழுந்து கும்பிட்டாள்.

பொழுது சாயும்வரை அவனை ஆடவிட்டார்கள். பிறகு வெட்டிப்போட்ட மரமாய் விழுந்தான். பல் கிட்டி, வாயில் நுரை தள்ளியது.

"சாமி மலையேறிருச்சு. செத்த நேரத்துல எந்திரிச்சிருவான்" என்றார் தலைவர். அவன் எழுந்திருக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுங்க" என்றாள் சண்முகவடிவு.

"காப்போட எல்லை தாண்டக் கூடாது தாயி. தோட்டத்துக்கே ஆகாது."

அவள் குனிந்து அவன் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். பாதி வழியில் இன்னொரு தடவை வெட்டி இழுத்தது. அதோடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள், அவள் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். காப்பை அறுத்தால் ஆத்தா சும்மா விடுவாளா?

"அது ஆத்தா இல்ல" என்றாள் சண்முகவடிவு. "திடீர்னு குடிய நிறுத்துனா அப்பிடித்தான் வருமுன்னு டாக்டரம்மா எங்கிட்ட சொல்லிருந்தாங்க. தெரிஞ்சிருந்தும் நான் கும்புட்டேன். அவரு மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்."

வாசலில் நின்ற தலைவர், "துக்கத்துல ஒளறுது, தண்ணி குடுங்கம்மா" என்றார்.

சாவுத் தீட்டு விழுந்ததால் திருவிழா நின்றுபோனது. காப்புக் கட்டிய ஆண்கள் எல்லோரும் அவிழ்த்துவிட்டார்கள். நாலு நாள் விரதம் இருந்தவர்கள் பாவம். லயத்துக்குப் பின்னால், குழி வெட்டப் போகிறவர்களுக்கென்று முதல் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார்கள்.